வாங்கிய பழைய ஜீப்பை ஓட்டத் தொடங்குவது எப்படி: முதல் மாதத்துக்கான முழு வழிகாட்டி

பழைய நாலு வீல் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றதும் கை பரபரக்கும். சாவியைப் போட்டு ஒரு சுற்று போய்வர வேண்டும், எங்காவது மண்மேடு கண்ணில் பட்டால் அதில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். அந்த ஆசையை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பது நாற்பது வருடம் தாங்கிய வண்டிகள் புது உரிமையாளரின் முதல் இரண்டு வார அவசரத்தில் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வண்டி நிற்க வேண்டும், அதாவது பிரேக். அடுத்து எண்ணெய்கள். அதன் பிறகு இன்ஜின். அப்புறம் தார் ரோடு. மண் பாதை கடைசியில்தான். பெயின்ட், சீட், விளக்கு அலங்காரம் எதுவும் இந்த மாதக் கணக்கில் வராது.

வில்லிஸ் ஜீப்பும் அதன் வழிவந்த வண்டிகளும், 1948-ல் வந்த லேண்ட் ரோவரின் சீரிஸ் வண்டிகள், 1960-ல் தொடங்கிய டொயோட்டா 40 சீரிஸ் லேண்ட் குரூசர் போன்றவற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். தனிச் சேஸிஸ், பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், பெரும்பாலும் டிரம் பிரேக், கார்புரேட்டர். இந்த அமைப்பில் உள்ள எந்த வண்டிக்கும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதல் நாள்: கையில் சுத்தியல், நோட்டு, டார்ச்

சாவியை மேசையில் வைத்துவிடுங்கள். முதலில் சேஸிஸில் பொறித்திருக்கும் எண்ணையும் தகட்டில் உள்ள எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் எண்ணையும் பாருங்கள். இத்தனை வருடத்தில் இன்ஜின் மாறியிருப்பது சகஜம், ஆனால் உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் ஒரு கேஸ்கெட்கூடச் சரியாக வாங்க முடியாது. அந்த எண்களை வைத்து, அந்த ஆண்டு மாடலுக்கான தொழிற்சாலை ஒர்க்‌ஷாப் மேனுவலையும் உதிரிபாகப் பட்டியலையும் தேடிப் பிடியுங்கள். இங்கே நான் பொதுவான முறையைத்தான் சொல்ல முடியும். இறுக்க வேண்டிய அளவும் எண்ணெயின் கொள்ளளவும் மேனுவலில்தான் இருக்கும்.

அடுத்து சேஸிஸ். சின்னச் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் 'டப்' என்று அடங்கிப்போகும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் காதுகள், பாடியைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள் ஆகிய மூன்றிலும் மண் தங்கும். துருவும் அங்கேதான் தொடங்கும். லேண்ட் ரோவரின் பாடி பெரும்பாலும் அலுமினியக் கலவை. அது பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அடியில் இருப்பது இரும்புச் சேஸிஸ். இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும். புதுக் கறுப்புப் பெயின்ட் பூசிய சேஸிஸை இன்னும் கவனமாகத் தட்டிப் பாருங்கள்.

'டப்' என்று கேட்ட இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு நோட்டில் எழுதுங்கள். ஸ்பிரிங் காதிலோ ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டிய இடத்திலோ ஓட்டை இருந்தால் வெல்டிங் முடியும்வரை வண்டி நகரக் கூடாது. மற்ற இடமென்றால் காத்திருக்கலாம்.

ஜாக்கி போடும் முன்

ஒரு முக்கியமான விஷயம். வில்லிஸ், சீரிஸ் லேண்ட் ரோவர் உட்படப் பல பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் (இன்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) பின்னால், அந்த விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒற்றை டிரம்மாக இருக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கிய உடனே அந்தப் பிரேக் பயனற்றுப் போகும். ஷாஃப்ட் சுற்றாவிட்டாலும், தரையில் உள்ள சக்கரம் ஒரு பக்கம் உருள, அந்தரத்தில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்ற டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில், இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) இடம் கொடுத்துவிடும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. இதே காரணத்தால் ஓடும்போது அந்த ஹேண்ட் பிரேக்கை இழுக்கவும் கூடாது. மொத்த விசையும் ஷாஃப்ட்டிலும் ஆக்சிலிலும் இறங்கும்.

சக்கர நட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் முதல் ஜீப்பில் வலப்பக்கச் சக்கரங்கள் சுலபமாகக் கழன்றன. இடப்பக்க முன்சக்கரத்துக்கு வந்தேன். நட்டு அசையவில்லை. ஸ்பேனரில் மூன்றடிக் குழாயை மாட்டி, உடம்பு எடையைப் போட்டு அழுத்தினேன். 'டக்' என்றது; ஸ்டட் ஒடிந்து நட்டோடு கையில் வந்துவிட்டது. ஒடிந்த துண்டைத் துணியால் துடைத்துப் பார்த்தால், முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தது. அந்தக் கால வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்க நட்டுகளுக்கு எதிர் மரை. மற்ற நட்டுகளை எந்தப் பக்கம் திருப்பி இறுக்குவோமோ அந்தப் பக்கம் திருப்பினால்தான் இவை கழலும். அன்றிலிருந்து ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்க்காமல் நான் ஸ்பேனரை வைப்பதில்லை.

பிரேக்: இங்கே நேரத்தைச் செலவிடுங்கள்

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும், நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 'பெடல் நன்றாகத்தான் பிடிக்கிறது' என்று விற்றவர் சொன்ன உறுதி உங்களுக்கு எந்தக் காப்பும் இல்லை.

நாலு டிரம்மையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக் கூடாது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். பிறகு வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள். ஈரம் கசிந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது. ஷூவில் பிசுபிசுப்பு இருந்தால் முகர்ந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். ஆக்சில் அல்லது ஹப் சீல் கசிந்து டிரம்முக்குள் வருகிறது. அப்படி ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள், சூடானதும் எண்ணெய் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி ஷூவையும் மாற்றுங்கள்.

ரப்பர் ஹோஸ் மூன்றோ நாலோ இருக்கும். எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ்கூட உள்ளே ஊதிப்போய் ஒருவழி வால்வு மாதிரி ஆகிவிடும். மிதித்தால் எண்ணெய் போகும், விட்டால் திரும்பாது. அந்தச் சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே சுற்றிச் சூடாகும். இரும்புக் குழாய்கள் சேஸிஸோடு கவ்வப்பட்ட இடங்களில் கிளிப்பை எடுத்துப் பாருங்கள். துரு கிளிப்புக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

பழைய பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிக்கோன் வகை. அதை இவற்றோடு கலக்கக் கூடாது. பெட்ரோலோ இன்ஜின் ஆயிலோ பிரேக் ரப்பரில் ஒரு சொட்டும் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும்.

பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, ஒரு வழி சொல்கிறேன். டிரம் பிரேக்கில் ஏர் போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது, அட்ஜஸ்டரைத் திருப்பி நாலு சக்கரத்து ஷூக்களையும் டிரம்மோடு முழுக்க ஒட்ட வைத்துவிட்டு ஏர் எடுங்கள். ஷூக்கள் நகர இடம் இல்லாததால் சிலிண்டர் பிஸ்டன்கள் அதிகம் வெளியே வராது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடியுங்கள். பிறகு அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்கு வையுங்கள். பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ கசிகிறது.

எண்ணெய்கள் சொல்லும் கதை

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. வண்டியை முன்பு வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை எண்ணெயில் அப்படியே படிக்கலாம்.

இன்ஜினில் தொடங்குங்கள். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, எண்ணெய் அளவும் கோட்டுக்கு மேலே இருந்தால், இன்ஜினில் மாட்டிய பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து, இன்ஜின் அடியில் எண்ணெய் தங்கும் சம்புக்குள் பெட்ரோல் இறங்குகிறது. அந்த எண்ணெயோடு இன்ஜினை ஓட்டினால் பேரிங் போய்விடும். எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு என்றால் அது ஆவி படிந்ததாக இருக்கலாம், சம்பு முழுக்க அப்படி என்றால் ஹெட் கேஸ்கெட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் ஆகிய நாலுக்கும் ஒரே விதி: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். எண்ணெயை வடித்துவிட்டு, ஊற்றும் போல்ட் துருவில் இறுகித் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஓடிச் சூடான பிறகு வடித்தால் அடியில் உள்ள கசடும் சேர்ந்து வரும். ஆனால் முதல் முறை குளிர்ந்த நிலையிலேயே வடித்துவிடுங்கள். என்ன இருக்கிறது என்று தெரியாத எண்ணெயில் எதையும் ஓட்ட வேண்டாம்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள், அடியில் காந்தத்தை ஓட்டுங்கள். காந்தத்தில் மை போன்ற கறுப்புக் கூழ் ஒட்டினால் அது வழக்கமான தேய்மானம். ஊசி மாதிரி, செதில் மாதிரி இரும்பு வந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு வெண்கலம். கியர் பாக்ஸ் என்றால், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இதனால்தான் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் வாங்கும்போது ஜிஎல்-4 வகையையே தேடச் சொல்கிறேன். ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அதிகம், அவற்றில் சில வகைகள் வெண்கலத்தை அரிக்கும். டிஃபரன்ஷியலுக்கு மேனுவலில் உள்ள ஈபி 90 போதும்.

கியர் பாக்ஸில் எண்ணெய் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் வழிந்தால் குழம்ப வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் தேய்ந்து எண்ணெய் இடம் மாறுகிறது. இந்தக் குடும்பத்து வண்டிகளுக்கு இது பழைய வியாதி. அடுத்த பெரிய பிரிப்பு வரை அடிக்கடி அளவு பார்த்துச் சமாளிக்கலாம்.

டிஃபரன்ஷியல் மேலே சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். மண் அடைத்திருந்தால், உள்ளே சூடான காற்றுக்கு வழியில்லாமல் எண்ணெய் சீல் வழியாக வெளியேறும். சீலை மாற்றும் முன் இதைச் சுத்தம் செய்து பாருங்கள்.

அடுத்தது கிரீஸ். மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்து, கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகளான நிப்பிள்கள் எல்லாவற்றையும் தேடி எண்ணுங்கள். துடைத்துவிட்டுத்தான் கிரீஸ் துப்பாக்கியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணைத்தான் உள்ளே தள்ளுவோம். ஷாஃப்ட் முனையில் மடங்கும் யூ ஜாயின்டின் நாலு முனையிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

மின்சாரமும் பெட்ரோலும்

பேட்டரியை மாட்டும் முன் வண்டி எத்தனை வோல்ட், எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று பாருங்கள். போர்க்கால ஜீப்புகள் 6 வோல்ட். பின்னால் வந்த ராணுவ ஜீப்புகளில் 24 வோல்ட்டும் உண்டு. 1960-களின் பிற்பகுதி வரை வந்த லேண்ட் ரோவர்களில் பாசிட்டிவ் முனைதான் பாடிக்குப் போகும். வழக்கமான பழக்கத்தில் மாற்றி மாட்டினால் சேதம்தான். எந்த நிலையில் இருந்தாலும் பேட்டரிக்குத் தனி கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று போடுங்கள். பழைய ஒயரின் துணி உறை விரலில் பொடியாக உதிர்ந்தால் அந்த ஒயரை மாற்றும்வரை இரவில் பேட்டரி இணைப்பு வேண்டாம்.

டேங்கில் இருப்பதை வடித்துவிடுங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், கார்புரேட்டர் ஜெட்டில் பிசினாக ஒட்டும். பெட்ரோல் ரப்பர் டியூபுகள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் புதிய வகைக்கு மாற்றுங்கள். வண்டிக்குத் தீ அணைப்பான் வாங்குவதும் இதே நாளில்.

இன்ஜினை எழுப்புதல்

வண்டி எத்தனை மாதம் ஓடாமல் நின்றது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் நேராக செல்ஃப் அடிக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் சுலபமாகச் சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் பலம் காட்டாதீர்கள், வால்வு ஒட்டியிருக்கலாம். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும் நாளில் விரல் முறியும்.

நன்றாகச் சுற்றினால், பிளக் இல்லாமலேயே செல்ஃபை விட்டு விட்டு அடியுங்கள், ஆயில் பிரஷர் முள் எழும்வரை. பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் சி.பி. பாயின்ட்டைப் பாருங்கள். தேய்ந்து மேடு பள்ளமாக இருந்தால் புதிது போட்டு, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி சரிசெய்யுங்கள். வண்டிக்கு வண்டி மாறும், பெரும்பாலும் 0.35 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வரும். ரேடியேட்டரில் புதுத் தண்ணீரும் கூலன்ட்டும் ஊற்றும் முன், இன்ஜின் பிளாக்கின் பக்கத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்து கம்பியால் குத்துங்கள். பல வருடச் சேறு அங்கே கல்லாகிக் கிடக்கும். அது இருக்கும்வரை பின் சிலிண்டர் சூடாகிக்கொண்டே இருக்கும்.

முதல் முறை டேங்கை நம்பாமல், சின்னக் கேனில் சுத்தமான பெட்ரோல் வைத்து இன்ஜினைக் கிளப்புங்கள். கேனை இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, கவிழாதபடி கட்டி வையுங்கள். கிளம்பியதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து உறும வைக்காதீர்கள். இருபது நிமிடம் சீராக ஓடவிட்டு, பிரஷர் முள், வெப்ப முள், வண்டியின் அடிப்பக்கம் மூன்றையும் மாறிமாறிப் பாருங்கள். நீலப் புகை ஆரம்பத்தில் வரும், நாம் ஊற்றிய எண்ணெய் எரிகிறது. நிற்காமல் தொடர்ந்தால்தான் கவலை.

முன் ஆக்சில், ஸ்டீயரிங், டயர்

முன்பக்கத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால், முன்சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின். தார் ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் தட்டியதும் ஸ்டீயரிங் கையை உதறுகிற அளவுக்கு நடுங்கத் தொடங்குமே, அந்தப் பயங்கரமான ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கிங் பின்னும் டை ராடு முனைகளும்தான். ஸ்டீயரிங் டேம்பர் போட்டு அதை மூடி மறைக்க வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் தேதி இருக்கும். '1218' என்றால் 2018-ம் ஆண்டின் 12-வது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தையது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றி எறியுங்கள். நாலும் ஒரே அளவில், ஒரே வகையில் இருக்க வேண்டும். சீட் பெல்ட் இல்லாத வண்டி என்றால் அதற்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

தார் ரோட்டில் முதல் ஓட்டம்

ஆளில்லாத இடத்தில் நடக்கும் வேகத்தில் பத்துத் தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் வீட்டுக்குத் திரும்புங்கள். பிறகு ஐந்து கிலோமீட்டர். நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடுவதற்கு முன்பே சூடு தெரிந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறது அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அடுத்த நாள் பதினைந்து, அதற்கடுத்து ஐம்பது. சுமார் 300 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள். புது எண்ணெய் பழைய கசடைக் கரைத்துக் கறுப்பாகியிருக்கும்.

இரண்டாவது லீவர்

இந்த வண்டிகளில் நாலு வீல் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் போக வேண்டும். மண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் கனக்கும், லீவர் கழலாது. அப்படி மாட்டினால் லீவரைப் பிடித்து மல்லுக்கட்டாமல், நேராகச் சில மீட்டர் பின்னால் வாருங்கள். முறுக்கு அவிழ்ந்து லீவர் தானே வரும்.

வில்லிஸ் வகையில் இரண்டு சின்ன லீவர்கள்: முதலில் முன் ஆக்சிலைச் சேர்த்த பிறகுதான் லோ (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை) விழும். சீரிஸ் லேண்ட் ரோவரில் மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹை-யில் நாலு வீல். சிவப்பு லீவரைப் பின்னால் இழுத்தால் லோ, நாலு வீலும் தானே சேரும். மஞ்சளை விடுவிக்க, வண்டியை நிறுத்திச் சிவப்பை லோவுக்கு இழுத்துத் திரும்ப ஹைக்குத் தள்ள வேண்டும். லோ போடுவது எப்போதும் வண்டி நின்ற பிறகு. முன்சக்கரத்தில் ஹப் லாக் (சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கும் பூட்டு) இருந்தால், மண்ணில் இறங்கும் முன்பே கையால் திருப்பிப் பூட்டிவிடுங்கள். சேற்றில் புதைந்த பிறகு குனிந்து திருப்புவது பெரும்பாடு.

முதல் மண் பாதை

மற்றொரு வண்டி துணைக்கு வரட்டும். இழுவைக் கயிறு, மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்கள் வளையத்துக்குள் போகக் கூடாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் ஒரு கல் சக்கரத்தைத் தட்டினால் ஸ்டீயரிங் ஆரம் விரலில் அடிக்கும்.

இறக்கத்தில் லோ, முதல் கியர், கால் கிளட்சை விட்டுத் தள்ளி. இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும். அந்த நேரத்தில் கிளட்சை மிதித்தால் வண்டி கையை விட்டுப் போய்விடும், டிரம் பிரேக்கால் அதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் பக்கவாட்டில் திருப்ப முயலாதீர்கள். பிரேக்கைப் பிடித்து, ரிவர்ஸ் கியரில் நேராகவே இறங்குங்கள்.

தண்ணீரில் இறங்கும் முன் நடந்து ஆழம் பாருங்கள். சீரிஸ் லேண்ட் ரோவரில் கிளட்ச் உறையின் அடியில் திருகி அடைக்க ஒரு பிளக் உண்டு; ஆழத் தண்ணீருக்கு அதை மாட்டி, வெளியே வந்ததும் கழற்றிவிடுங்கள். கரை ஏறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் டிரம் காயும்.

வீட்டுக்கு வந்த அன்றே அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்து, சேறு துளியும் இல்லாமல் மூச்சுக்குழாய்களைத் துடையுங்கள். மறுநாள் காலை, வண்டி அசையாமல் நின்று தண்ணீர் அடியில் தங்கிய பிறகு, டிஃபரன்ஷியல் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர்ச் சொட்டு வந்தால் எண்ணெயை மாற்றுங்கள். சுத்த எண்ணெய் வந்தால் போல்ட்டை இறுக்கி, குறைந்ததை ஊற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதிவையுங்கள்.